சின்னத் தளத்தை யார் ஹேக் செய்யப் போகிறார்கள்?

“வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. நிரல் எழுதத் தெரியாது. எச்டிடிபிஎஸ் போட்டாயிற்று, பிரவுசரில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. நாளுக்கு முப்பது நாற்பது பேர்தான் வருகிறார்கள். இதைப் போய் யார் ஹேக் செய்யப் போகிறார்கள்? பாதுகாப்புக்கென்று ஏதாவது செய்யத்தான் வேண்டுமா?” இதுதான் கேள்வி.

செய்ய வேண்டும். ஆனால் செய்ய வேண்டியது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நிரல் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒருநாள் உட்கார்ந்து முக்கால்வாசியை முடித்துவிடலாம். மீதி மாதத்துக்கு அரைமணி நேர வேலை.

முதலில் அந்த “யார்” என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஹோஸ்டிங்கின் (தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் சேவையின்) கண்ட்ரோல் பேனலில் அக்சஸ் லாக் என்று ஒன்று இருக்கும். தளத்துக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையும் அதில் ஒரு வரியாகப் பதிவாகும்: எந்த ஐபி முகவரி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டது, சர்வர் என்ன பதில் சொன்னது. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் தளத்தைத் தொடங்கிய மறுநாள் அந்தப் பதிவை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். தளத்தில் அப்போது இருந்தது ஒரே ஒரு பக்கம், அதுவும் “விரைவில்” என்ற அறிவிப்பு. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு ஒரே ஐபியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் ஐம்பதுக்கு மேல் கோரிக்கைகள். லாகின் பக்கம் இருக்கிறதா? பேக்கப் என்ற பெயரில் ஜிப் கோப்பு ஏதாவது கிடக்கிறதா? தளத்தின் அமைப்பு விவரங்கள் இருக்கும் கான்ஃபிக் கோப்பின் பழைய பிரதி? ஓட்டை இருப்பதாகத் தெரியவந்த பிளகின்கள் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்கள்) ஒவ்வொன்றாக, இவர் தளத்தில் இல்லவே இல்லாதவையும் சேர்த்து. எல்லாவற்றுக்கும் 404, 404, 404 என்று, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லை என்று, பதில் போயிருந்தது. அதோடு அந்த போட் (தானாக இயங்கும் நிரல்) அடுத்த தளத்துக்குப் போய்விட்டது.

உங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தெருவில் இருக்கும் எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும் இயந்திரம் அது. எந்தக் கதவு திறக்கிறதோ அங்கே நுழையும். தளம் சின்னதா பெரியதா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

புதுத் தளம் இருப்பது அதற்கு எப்படித் தெரிகிறது என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. எச்டிடிபிஎஸ்ஸுக்காக நீங்கள் வாங்கும் சான்றிதழ் ஒவ்வொன்றும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறுகிறது. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிப்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் புதிய டொமைன் பெயர்களை (தளங்களின் முகவரிப் பெயர்களை) உடனுக்குடன் பொறுக்கியெடுக்க அதையே போட்களும் படிக்கின்றன. அதனால் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் கோப்புகளை ஏற்றிவிட்டு, அமைக்கும் பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தை முதலில் நிரப்புபவர் யாரோ, அவர்தான் அட்மின்.

உள்ளே வந்தால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் உங்கள் கட்டுரைகளைத் தொடமாட்டார்கள். உங்கள் சர்வரிலிருந்து குப்பை மின்னஞ்சல் அனுப்புவார்கள், ஏதோ வங்கியின் லாகின் பக்கம் போல ஒரு பொய்ப் பக்கத்தை உள்ளே ஒளித்து வைப்பார்கள், போலி மருந்துக் கடைகளுக்கு ஆயிரக்கணக்கில் இணைப்புப் பக்கங்கள் உருவாக்குவார்கள். இந்தக் கடைசி வகைதான் மோசமானது. கூகுளின் தேடல் போட் வரும்போது மட்டும் அந்தப் பக்கங்களைக் காட்டி, நீங்கள் வரும்போது வழக்கமான தளத்தையே காட்டுவார்கள். மாதக்கணக்கில் உங்களுக்குத் தெரியாமலே நடக்கும். எந்தத் தவறும் செய்யாத உங்கள் வாசகர்தான் ஏமாறுவார். நாற்பது பேர் வந்தாலும் அந்த நாற்பது பேர் உங்களை நம்பி வருகிறார்கள்.

அப்புறம் எச்டிடிபிஎஸ். அது கட்டாயம் வேண்டும். 2015இல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை வந்த பிறகு சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. 2018 ஜூலையிலிருந்து, அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று குரோம் காட்டுகிறது. ஆனால் அது செய்யும் வேலை ஒன்றே ஒன்று: வாசகரின் பிரவுசருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்கவோ மாற்றவோ விடாது. சர்வருக்குள் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டை வழியாக வருபவரும் எச்டிடிபிஎஸ்ஸிலேயே பத்திரமாக வந்து போவார். ஏமாற்றுத் தளங்களும் அதே சான்றிதழைத்தான் வைத்திருக்கின்றன. பூட்டுப் படத்தைப் பார்த்து “இந்தத் தளம் நம்பகமானது” என்று மக்கள் தவறாக எடுத்துக்கொள்வதால்தான் 2023இல் குரோம் அந்தப் படத்தையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது. சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். சான்றிதழின் ஆயுளைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், 2029இல் அதிகபட்சமே 47 நாள்தான். கையால் புதுப்பிக்க நினைப்பவர் என்றாவது ஒருநாள் கோட்டை விடுவார்.

இனி நிஜமான வேலை. என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பது அப்டேட். ஏன் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2014 அக்டோபர் 15 அன்று, வேர்ட்பிரஸ் போலவே தளம் நடத்த உதவும் டுரூபல் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை அறிவித்து, அதே நாளில் திருத்தத்தையும் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களுடைய பாதுகாப்புக் குழு இன்னொரு அறிவிப்பு விட்டது: வெளியான 7 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடாத ஒவ்வொரு டுரூபல் 7 தளமும் ஹேக் செய்யப்பட்டுவிட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று. 7 மணி நேரம். ஒருவர் தூங்கி எழும் நேரம். திருத்தம் வெளியானதுமே, எதைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் “வார இறுதியில் பார்த்து அப்டேட் போட்டுக்கொள்கிறேன்” என்ற திட்டம் வேலைக்கு ஆகாது. தானாகவே போட்டுக்கொள்ள விட்டுவிட வேண்டும்.

வேர்ட்பிரஸில் 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு பாதுகாப்பு அப்டேட்கள் தானாக ஏறுகின்றன. 2017 ஜனவரி கடைசியில் வந்த 4.7.2 ஒரு மோசமான ஓட்டையை அடைத்தது. அந்த வசதியை நிறுத்தாமல் வைத்திருந்தவர்கள் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நிறுத்தி வைத்திருந்த தளங்களில் அடுத்த சில வாரங்களிலேயே லட்சக்கணக்கான பக்கங்களின் உள்ளடக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். பிளகின்களுக்கும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம்களுக்கும் இந்தத் தானியங்கி வசதி 2020இல் 5.5 பதிப்போடு வந்தது. அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். பிளகின் பட்டியலுக்குப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கான இணைப்பு இருக்கும், எல்லாவற்றுக்கும் இயக்கிவிடுங்கள். அப்டேட்டால் தளம் உடைந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எப்போதாவது உடையும்தான். உடைந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், பேக்கப்பிலிருந்து பழையபடி கொண்டுவந்துவிடலாம். ஹேக் ஆனால் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. இரண்டில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

பிளகின்களை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். செயலிழக்கச் செய்து வைத்திருப்பது போதாது. அதன் கோப்புகள் சர்வரிலேயேதான் கிடக்கும், நேரடியாக அழைக்க முடிந்தால் அவற்றில் உள்ள ஓட்டையும் வேலை செய்யும். வேண்டாததை அழித்தே விடுங்கள். வைத்துக்கொள்வதில், கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பாருங்கள். இரண்டு வருடமாகச் சத்தமே இல்லையென்றால் அதை எழுதியவர் கைவிட்டுவிட்டார் என்று வைத்துக்கொண்டு மாற்று தேடுங்கள். நல்ல பிளகின் கை மாறுவதும் உண்டு. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் சுமார் இரண்டு லட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் அதை விலைக்கு வாங்கிய புதிய உரிமையாளர், தளங்களுக்குள் குப்பைப் பதிவுகளைத் திணிக்கும் பின்கதவை (ரகசியமாக நுழையும் வழியை) அதில் சேர்த்துவிட்டார். கடைசியில் வேர்ட்பிரஸ் தன் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. பட்டியலிலிருந்து நீக்கினாலும் உங்கள் தளத்தில் ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்கும். அதனால்தான் உங்கள் பிளகின் பட்டியலைச் சின்னதாக வைத்திருக்கச் சொல்கிறேன். ஐந்தாறு பிளகின் என்றால் மாதத்துக்கு ஒருமுறை ஒரு பார்வை பார்த்துவிடலாம். முப்பது இருந்தால் யாராலும் முடியாது.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம், பிளகின்களை “நல்ட்” என்று இலவசமாகத் தரும் தளங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். உரிமச் சோதனையைக் கழற்றத் தெரிந்தவருக்குப் பின்கதவு வைக்கவும் தெரியும். அதற்காகத்தான் பலர் இலவசமாகத் தருகிறார்கள். மற்ற ஓட்டைகள் வழியாகத் திருடன் தானாக வருகிறான், இதில் நீங்களே அழைத்து வந்து உட்காரவைக்கிறீர்கள்.

அடுத்தது சாவிகள். உங்கள் தளத்துக்கு எத்தனை சாவி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் அட்மின் என்ற ஒன்றைத்தான் பெரும்பாலோர் நினைப்பார்கள். ஹோஸ்டிங் கணக்கு இருக்கிறது, அதைப் பிடித்தவர் அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலே எல்லாவற்றையும் மாற்றலாம். டொமைன் பதிவு செய்த கணக்கு இருக்கிறது, அதைப் பிடித்தவர் உங்கள் முகவரியையே வேறு சர்வருக்குத் திருப்பிவிடலாம். கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி கணக்கு இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கிலும் “பாஸ்வேர்டு மறந்துவிட்டது” என்று அழுத்தினால் இணைப்பு அங்கேதான் வந்து விழும். ஆகவே பலமான பூட்டு முதலில் மின்னஞ்சலுக்கு, அப்புறம் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும், அதற்கு அப்புறம்தான் வேர்ட்பிரஸுக்கு.

பாஸ்வேர்டில் எண் இருக்கிறதா, குறியீடு இருக்கிறதா என்பதைவிட முக்கியம் அதை வேறு எங்கும் பயன்படுத்தாமல் இருப்பது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகள் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கசிந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ கசிவுகள். அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு அதே மின்னஞ்சல், அதே பாஸ்வேர்டு என்று எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பது போட்களின் தினசரி வேலை. எங்கோ ஒரு விளையாட்டுத் தளத்தில் எப்போதோ கொடுத்த பாஸ்வேர்டு உங்கள் ஹோஸ்டிங்கைத் திறந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது, அதனால் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரை நிறுவிக்கொள்ளுங்கள். அதோடு இந்த நான்கு இடத்திலும் இரண்டாவது கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள், 30 விநாடிக்கு ஒருமுறை 6 இலக்க எண் காட்டும் ஆப் போதும். இயக்கும்போது தரப்படும் மீட்பு எண்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். போன் தொலைந்த அன்று அதுதான் கைகொடுக்கும்.

டொமைனில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, டொமைன் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுத்திருப்பது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், மீட்கும் கடிதம் உங்களுக்கு வராது. வேறு மின்னஞ்சல் கொடுங்கள். இரண்டு, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பது. தளம் செய்துகொடுத்தவர் தன் சொந்தக் கணக்கிலேயே டொமைனையும் வாங்கிவிட்டு, மூன்று வருடம் கழித்துத் தொடர்பில்லாமல் போய், உரிமையாளர் தன் தளத்தின் பெயரையே இழந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் காசு கொடுத்த ரசீதெல்லாம் வைத்திருந்தார். பதிவில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். இன்றே உள்ளே போய் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பாருங்கள், தானியங்கிப் புதுப்பித்தலை இயக்குங்கள், டொமைனை வேறு யாரும் மாற்றிக்கொண்டு போகாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உதவிக்கு வருபவர்களுக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குத் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். கட்டுரை எழுதுபவருக்கு ஆத்தர் அல்லது எடிட்டர் அனுமதி போதும், அட்மின் வேண்டாம். வேலை முடிந்ததும் கணக்கை நீக்கிவிடுங்கள். லாகின் முயற்சிகளுக்கு வரம்பு போடும் பிளகின் ஒன்று பயனுள்ளது. லாகின் பக்கத்தின் முகவரியை மாற்றி ஒளித்துவைப்பது கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கும், அதை நம்பி மற்றதை விட்டுவிட முடியாது.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் நான் பார்த்த ஒருவரின் கதையைக் கேளுங்கள். தினமும் பேக்கப் எடுக்கும் பிளகின் வைத்திருந்தார், ஒருநாள் தவறியதில்லை. கோப்புகள் போய்ச் சேர்ந்தது அதே ஹோஸ்டிங்கின் ஒரு ஃபோல்டரில். கடைசி ஏழு நாள் மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். தளம் ஹேக் ஆகி இரண்டு மாதம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. கையில் இருந்த ஏழு பேக்கப்பும் ஹேக் ஆன தளத்தின் பேக்கப்.

எனவே பேக்கப் வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில், ஹோஸ்டிங் தரும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தபோது, தளமும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். பழைய பிரதிகளும் வேண்டும்: தினப் பிரதி ஒரு வாரத்துக்கு, மாதப் பிரதி ஆறு மாதத்துக்காவது. கோப்புகளோடு டேட்டாபேஸும் சேர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் எழுத்து இருப்பது டேட்டாபேஸில்தான். அதைவிட முக்கியம், ஒருமுறையாவது அதிலிருந்து தளத்தை மீட்டுப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள், எதுவுமே சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாகக் கையால் எடுத்துவைத்த ஆறு மணி நேரத்துக்கு முந்தைய பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. மென்பொருளே தொழிலாக உள்ளவர்களுக்கே இந்தக் கதி. இன்னொன்று, ஹோஸ்டிங் மாற்றும்போது எடுத்த ஜிப் கோப்பை வாசகர் எட்டக்கூடிய ஃபோல்டரில் மறந்துவிடாதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் அதில் இருக்கும். அந்த அதிகாலை மூன்று மணி போட் தேடியது அதைத்தான்.

சர்வர் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்டிபி என்பது பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும், அதற்குப் பதிலாக மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி பயன்படுத்துங்கள். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைச் சொல்லும் அனுமதி எண்கள் உண்டு: ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 இருக்கட்டும். ஏதாவது வேலை செய்யவில்லையென்றால் 777 வைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள், 777 என்றால் சர்வரில் உள்ள யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தம். வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பைப் பாருங்கள், 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, இன்னும் அதில் ஓடும் தளங்கள் இருக்கின்றன. ஒரே ஹோஸ்டிங் கணக்கில் சோதனைக்காகப் போட்ட பழைய தளம் ஏதாவது கிடந்தால் அழித்துவிடுங்கள். முக்கியத் தளத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பக்கத்து ஃபோல்டரில் மறந்துபோன தளம் வழியாகத்தான் பலமுறை வினை வருகிறது.

செக்யூரிட்டி பிளகின் ஒன்று போதும். இரண்டு போட்டால் ஒன்றோடொன்று மோதும்.

சரி, ஏற்கெனவே ஹேக் ஆகியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால்? கூகுளில் site: என்று தட்டி, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைச் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் எழுதாத பக்கங்கள், தெரியாத மொழியில் தலைப்புகள் வந்தால் சந்தேகமே வேண்டாம். தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோல் சேவையில் தளத்தைச் சேர்த்து வைத்திருந்தால் எச்சரிக்கையும் மின்னஞ்சலில் வரும், இன்னும் சேர்க்கவில்லை என்றால் இன்றே சேர்த்துவிடுங்கள், இலவசம்தான்.

உறுதியானால் அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். முதலில் தளத்தைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோங்கள், வாசகர் பாதிக்கப்படக் கூடாது. பாதிக்கப்பட்ட நிலையிலேயே முழுப் பிரதி ஒன்று எடுத்துத் தனியே வையுங்கள், எப்படி வந்தார்கள் என்று பார்க்க அது வேண்டும். உங்கள் சொந்தக் கணினியை வைரஸ் சோதனை செய்துவிட்டு எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். கணினியிலேயே திருடும் நிரல் இருந்தால் புதுப் பாஸ்வேர்டும் போய்விடும், அதனால்தான் இந்த வரிசை. சுத்தமான பழைய பேக்கப் இருந்தால் அதற்குத் திரும்பி உடனே எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். இல்லையென்றால் வேர்ட்பிரஸ், தீம், பிளகின் கோப்புகளை அழித்துவிட்டு அசல் இடத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு எதற்கும் வேலை இல்லை, இருந்தால் அநேகமாகப் பின்கதவுதான். அட்மின் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளை மாற்றினால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற்றப்படுவார்கள். வாசகர்களின் மின்னஞ்சலோ பாஸ்வேர்டோ போயிருக்கக்கூடும் என்றால் அவர்களுக்கு மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் சர்ச் கன்சோலில் மறு ஆய்வு கேளுங்கள். கேட்பதற்கு முன் அதிலேயே உரிமையாளர் பட்டியலைத் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவர்கள் ஒரு சிறு சரிபார்ப்புக் கோப்பைத் தளத்தில் போட்டுத் தங்களையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்தக் கோப்பை முதலில் நீக்கிவிட்டு, அப்புறம் அந்தப் பெயரை நீக்குங்கள். கோப்பு அங்கேயே இருந்தால் அவர்கள் மறுபடியும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.